கல்ச்சுரல்ஸ் வீடியோவுக்கு எந்தப் பாட்டு? கல்லூரி கிளப்புகளுக்கு ஒரு ஒப்பீடு

கல்ச்சுரல்ஸ் என்ற கல்லூரிக் கலைவிழா முடிந்த மறுநாள் காலையிலேயே எங்கள் மீடியா கிளப் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்துவிடும். ஆஃப்டர்மூவிக்கு, அதாவது விழா முடிந்ததும் போடும் தொகுப்பு வீடியோவுக்கு, எந்தப் பாட்டு என்பதுதான் சண்டை. ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு வருடமாக இந்தக் கிளப்புக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன், அதனால் மற்ற கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், ட்ரெண்டிங் ஆடியோ போடலாமா, இல்ல காபிரைட் ஃப்ரீ மியூசிக்தான் போடணுமா?" இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஐந்து இருக்கிறது, ஐந்திலும் கணக்கில் வராத செலவு ஒன்று ஒளிந்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எடிட்டர் பையன் இரண்டு ராத்திரி ஹாஸ்டலில் தூங்காமல் உட்கார்ந்து, அப்போது எல்லாரும் பாடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஷாட் என்று வெட்டி வைத்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி யூடியூபில் ஏற்றினோம். சனிக்கிழமை காலையில் காபிரைட் கிளெய்ம் (பாட்டு எங்களுடையது என்ற உரிமைக் கோரிக்கை), வீடியோ முடக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பகுதியின் சத்தத்தையே எடுத்துவிடும் வசதியை அழுத்திவிட்டோம். அதன் பிறகு அந்த வீடியோவைப் பார்த்தால் மீன் தொட்டிக்குள் பார்ப்பது மாதிரி இருக்கும். மேடையில் பறை அடிப்பவர்களின் கை ஏறி இறங்குகிறது, கீழே ஆயிரம் பேர் வாயைத் திறந்து கத்துகிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. "சார், இந்த லிங்க்கை ரெஸ்யூம்ல போட்டிருக்கேன்" என்றான் அந்தப் பையன். நான் என்ன சொல்ல?

எதை வைத்து அளப்பது

பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது வேறு விஷயங்கள்.

முதலில் உரிமை. ஒரு பாட்டு என்பது சட்டப்படி ஒரே பொருள் கிடையாது. வரிகளும் மெட்டும் ஒரு பக்கம், அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம், வீடியோவில் போட இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். தான் பாடிய பாட்டையே மேடையில் பாட இன்னொருவர் அனுமதி வேண்டும் என்றால் நம் கிளப் எம்மாத்திரம்.

அடுத்தது, கிடைக்கும் அனுமதி எந்தெந்தத் தளத்துக்குச் செல்லும் என்பது. இன்ஸ்டாவில் செல்லுவது யூடியூபில் செல்லாது. பிறகு பணம், நேரம், ஸ்பான்சர். வீடியோவின் ஓரத்தில் பேக்கரி லோகோ ஒன்று ஏறிவிட்டாலே அது விளம்பரமா இல்லையா என்ற கேள்வி வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று, என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: அடுத்த வருடம் ஆதாரம் யார் கையில் இருக்கும்? கிளப் நிர்வாகிகள் வருடா வருடம் மாறுகிறார்கள், வீடியோ மட்டும் அப்படியே சேனலில் கிடக்கிறது. ஃபைனல் இயர் பையன் வேலை கிடைத்து பெங்களூரு போன பிறகு ஒரு கிளெய்ம் வந்தால், "இதற்கு உரிமம் இருக்கிறது" என்று காட்ட மிஞ்சியிருப்பவர்களிடம் என்ன இருக்கிறது?

மேடை வேறு, இணையம் வேறு

வழிகளுக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "சார், ஃபங்ஷன்ல சினிமாப் பாட்டுக்கு ஆடினோமே, யாரும் கேட்கலையே" என்பார்கள். கேட்க மாட்டார்கள், ஏனென்றால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜெ) பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது. கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக மாணவர்களும் ஊழியர்களும் ஒரு பாட்டைப் பாடலாம், நாடகம் போடலாம். பதிவு செய்த பாட்டையோ படத்தையோ ஓட்டுவதென்றால், பார்ப்பவர்கள் மாணவர்கள், ஊழியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கெட் போட்டு வெளியாட்களைக் கூட்டி, வெளியிலிருந்து டிஜேவை வரவழைத்தால் இந்த விலக்கை நம்பி உட்கார முடியாது, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். மாதிரியான அமைப்புகளிடம் உரிமம் பற்றிப் பேச வேண்டிவரும்.

அதே ஆட்டத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிய நிமிடம், பார்ப்பவர்கள் அந்த வட்டத்துக்குள் இல்லை. ஆடிட்டோரியத்தில் செய்த காரியத்துக்குக் கிடைத்த விலக்கு ரீல்ஸுக்குப் பொருந்தாது.

பதினைந்து நொடிக்குள் போட்டால் பரவாயில்லை என்று ஒரு கதை உண்டு. அப்படி ஒரு நொடிக் கணக்கு இந்தியச் சட்டத்தில் எங்கும் கிடையாது. "ஆல் கிரெடிட்ஸ் டு த ஓனர்" என்று கீழே எழுதினால் அது நன்றி சொன்ன மாதிரி, அனுமதி வாங்கிய மாதிரி ஆகாது. காசு பார்க்கவில்லையே என்பதும் முழுப் பதில் ஆகாது: 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது, லாப நோக்கமில்லை என்றால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு, அவ்வளவுதான். கல்லூரி கிளப்பைப் போலீஸ் தேடி வரும் என்று பயமுறுத்தவில்லை. நடைமுறையில் வருவது மியூட், முடக்கம், ஸ்ட்ரைக் எனப்படும் தண்டனைப் புள்ளி. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போகும், அதோடு ஏழெட்டு வருட நிகழ்ச்சிப் பதிவுகளும் போகும்.

வழி 1: ஆப்பிலேயே இருக்கும் சினிமாப் பாட்டு

எல்லாருக்கும் பிடித்த வழி. இன்ஸ்டாவின் இசைப் பட்டியலில் தேடு, ஒட்டு, போடு. ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை, ட்ரெண்டிங் ஆடியோ என்றால் பார்வையும் எகிறும். பட்டியலில் இருக்கிறதே, அப்படியானால் அனுமதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பாதி அர்த்தம். இசை நிறுவனங்களோடு இன்ஸ்டாவின் உரிமையாளரான மெட்டா போட்டிருக்கும் ஒப்பந்தம் தனிநபர்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்குப் போடுவதற்கு. வணிகத்துக்கோ தனிப்பட்டதல்லாத பயன்பாட்டுக்கோ தனியாக உரிமம் இல்லாமல் இசையைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களுடைய இசை விதிமுறையிலேயே இருக்கிறது. பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் காணாமல் போவது இதனால்தான். "பாட்டெல்லாம் காணோம் சார்" என்று பிள்ளைகள் உடனே கணக்கைக் கிரியேட்டர் என்று மாற்றிவிடுவார்கள், பாட்டும் திரும்பி வந்துவிடும். வகை மாறியதால் கல்லூரிக் கணக்கு தனிநபர் கணக்கு ஆகிவிடுமா என்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கல்லூரிகளை யார் கேட்கப்போகிறார்கள் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மார்ச்சில் சோனி மியூசிக், அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டது. விளையாட்டு அணிகளின் சமூக ஊடக வீடியோக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை உரிமமில்லாமல் பயன்படுத்தியதாகப் புகார். அங்கே கல்லூரி விளையாட்டு கோடிகள் புரளும் தொழில், நம் திருவிழாவோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் "பல்கலைக்கழகம்" என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து யாரும் ஒதுங்கிப் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு செலவு: இன்ஸ்டாவில் போட்ட ரீலை இறக்கி அப்படியே யூடியூபில் ஏற்றுவது. ஆப்புக்குள் இருந்த அனுமதி ஆப்புக்குள்ளேயே முடிந்தது. ஸ்பான்சர் பெயர் வரும் ரீலில் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

இது எப்போது சரி? கிளப் கணக்கில் போடாமல், ஆடிய மாணவர்கள் அவரவர் சொந்தக் கணக்கில் போட்டுக்கொள்ளும்போது. பாட்டும் ஆப்பின் பட்டியலில் இருந்தே எடுத்ததாக இருக்கட்டும்.

வழி 2: இலவச நூலகமும் கிரியேட்டிவ் காமன்ஸும்

யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது, மெட்டாவுக்கு சவுண்ட் கலெக்ஷன் இருக்கிறது, பிக்ஸபே மாதிரித் தளங்கள் இருக்கின்றன. காசு இல்லை, உரிமையும் ஓரளவு தெளிவு. பிரச்சினை என்னவென்றால் எல்லாமே லிஃப்டில் ஓடும் இசை மாதிரி இருக்கும். நம் ஊர்க் குத்துக்கு ஈடான ஒன்றைத் தேடி மூன்று மணி நேரம் போன பிறகு யுகுலேலே ஒன்றை வைத்து முடிப்பார்கள். அந்த மூன்று மணி நேரமும் செலவுதான்.

"காபிரைட் ஃப்ரீ" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். யூடியூபில் அந்தத் தலைப்போடு யாரோ ஏற்றிய பாட்டை இறக்குவதற்கும், உரிமம் எழுதப்பட்ட பக்கத்திலிருந்து எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் கொடுத்துவிடும் உரிமம்) என்று போட்டிருந்தால் பின்னால் வரும் எழுத்துகளையும் படிக்க வேண்டும். 'பை' என்றால் இசையமைத்தவர் பெயர், பாட்டின் பெயர், எங்கே எடுத்தது, எந்த உரிமம் என நான்கையும் விவரப் பகுதியில் போட வேண்டும். 'என்.சி.' என்றால் வணிகத்துக்கு ஆகாது, அதாவது ஸ்பான்சர் லோகோ வந்தால் சந்தேகம். 'எஸ்.ஏ.' என்றால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'என்.டி.' என்பதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். பாட்டை வெட்டாமல் முழுசாகத்தானே போடுகிறோம் என்று நினைப்பார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் கணக்குப்படி இசையைப் படத்தோடு இணைப்பதே மாற்றிய படைப்பு ஆகிவிடும், ஆகவே 'என்.டி.' இசையை வீடியோவில் போடவே கூடாது.

இலவச நூலகத்தில் எடுத்ததற்கும் சில சமயம் கிளெய்ம் வரும், சில இசையமைப்பாளர்கள் அதையே யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் (வீடியோவில் யாருடைய இசை என்று தானாகவே கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பதிந்து வைத்திருப்பார்கள். அப்போது இறக்கிய நாளும் உரிமப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் மறுப்பு அனுப்பலாம். இல்லையென்றால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வாராந்தர அறிவிப்பு, ஒர்க்‌ஷாப், ரத்த தான முகாம், கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் இது போதும். இசை பின்னால் மெல்ல ஓடினால் போதும் என்ற இடங்கள் அவை.

வழி 3: சந்தா கட்டி வாங்குவது

எபிடெமிக் சவுண்ட், ஆர்ட்லிஸ்ட் மாதிரிச் சேவைகள். தரம் நன்றாக இருக்கும், தேடுவது சுலபம், கிளெய்ம் தொல்லை குறைவு. சம்பளம் வாங்கும் மீடியா டீம் வைத்து வாரம் ஐந்தாறு வீடியோ போடும் கல்லூரி என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம்.

கிளப்புக்கு வேறு கதை. எப்படி நடக்கும் தெரியுமா? செயலாளர் தன் சொந்தக் கார்டில் தனிநபர் திட்டத்தை வாங்குவாள், எல்லாரும் ஜிபேயில் ஆளுக்கு நூறு அனுப்புவார்கள். தனிநபர் திட்டம் அவளுடைய சொந்தச் சேனலுக்குத்தான், நிறுவனத்துக்கு வேறு திட்டம் என்பது விதிமுறையில் இருக்கும். அவள் மே மாதம் படிப்பு முடித்துப் போவாள், ஜூனில் சந்தா நிற்கும். சந்தா இருந்தபோது வெளியிட்ட வீடியோ தப்பித்துவிடும்; லேப்டாப்பில் மிச்சமிருக்கும் பாட்டுகளை ஜூலையில் ஜூனியர் எடுத்துப் போட்டால் அதற்கு உரிமம் இல்லை. ஆனால் ஃபோல்டருக்கு 'லைசென்ஸ்டு மியூசிக்' என்றுதான் பெயர் இருக்கும்! கல்லூரி மின்னஞ்சலில், கல்லூரிப் பணத்தில், நிறுவனத் திட்டமாக வாங்க முடிந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

வழி 4: நம் பிள்ளைகளே போடும் இசை

என் ஓட்டு இதற்குத்தான், ஆகவே கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

மியூட் ஆன வருடத்துக்கு அடுத்த வருடம் மியூசிக் கிளப்பிடம் போய் நின்றோம். மெக்கானிக்கல் மூன்றாம் வருடப் பையன் ஒருவன் கீபோர்டும் லேப்டாப்பும் வைத்திருந்தான், சிவில் பெண் ஒருத்தி பறை அடிப்பாள். ஸ்டூடியோ எதுவும் இல்லை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ஹாஸ்டல் மெத்தைகளை ஒரு வகுப்பறைச் சுவரில் சாய்த்து வைத்து, போனில் பறையைப் பதிவு செய்தார்கள். இரண்டரை நிமிடம். இசை முதலிலேயே தயாராகிவிட்டதால் எடிட்டர் அதற்கேற்ப வெட்டினான். ஓர் இடத்தில் ஷாட் நீளமாக இருந்தது, "நாலு அடி சேர்த்துத் தர்றியா" என்று கேட்டான், அவள் சேர்த்துத் தந்தாள். சினிமாப் பாட்டிடம் அப்படிக் கேட்க முடியுமா?

தளம் எதுவானாலும் ஓடும், ஸ்பான்சர் இருந்தாலும் ஓடும், அடுத்த வருடமும் ஓடும். ஆனால் இதிலும் பள்ளங்கள் உண்டு, அவை கொஞ்சம் ஆழமானவை.

கவர் சாங் சொந்த இசை ஆகாது. மாணவி நம் மேடையில் பாடி நாமே பதிவு செய்தால் ஒலிப்பதிவு நம்முடையது, பாட்டு அதன் உரிமையாளர்களுடையதுதான். சரி, பழைய பாட்டு பாடலாமே என்றால் எவ்வளவு பழையது என்று பார்க்க வேண்டும். எழுதியவர் இறந்து அறுபது வருடம் வரை உரிமை உண்டு. தியாகராஜர் 1847-ல் காலமானவர், கவலையில்லை. கர்நாடக இசை என்றாலே பொதுச்சொத்து என்று நினைத்து பாபநாசம் சிவன் கிருதியை எடுத்தால், அவர் காலமானது 1973, ஆகவே 2033 முடியும் வரை பொறுக்க வேண்டும். பாரதியார் வரிகள் எல்லாருக்கும் பொது. ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாரதி பாட்டு பெரும்பாலும் ஏதாவது படத்தில் வந்த மெட்டில்தான் தெரியும், அந்த மெட்டு பெரும்பாலும் பொது கிடையாது. வரியை எடுத்துக்கொண்டு மெட்டை நீங்களே போடுங்கள், நன்றாகவே வரும். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவை எடுத்துப் போடுவதும் இதே கதைதான்: கிருதி பழையது, பதிவுக்கு இன்னும் உரிமை இருக்கலாம்.

அடுத்த பள்ளம், இசை யாருடையது என்பது. கல்லூரியில் படிக்கிறான், ஆகவே கல்லூரிக்குச் சொந்தம் என்று நிர்வாகம் நினைக்கும். மாணவன் ஊழியன் கிடையாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாகச் செய்தது நிறுவனத்துக்கு என்று 17-ஆம் பிரிவு சொல்வது அவனுக்குப் பொருந்தாது. இசை அவனுடையது, கிளப்புக்குத் தேவை ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆகவே இரண்டையும் எழுதுங்கள். போஸ்டர் வரையும் பிள்ளைக்கும் சும்மா படம் எடுத்துத் தரும் பிள்ளைக்கும் இதே விதிதான். வெளியிலிருந்து பறையாட்டக் குழுவோ நாட்டுப்புறக் கலைஞர்களோ வந்தால், அவர்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிட அவர்களிடமும் கேட்க வேண்டும். கலைஞர்களுக்கென்று தனி உரிமை இருக்கிறது. கொடுத்த பணம் அன்றைய ஆட்டத்துக்கு மட்டும்தான் என்று அவர்கள் சொன்னால் அது நியாயம்.

எங்களுக்கே நடந்த வேடிக்கை: அந்தக் கீபோர்டு பையன் பிறகு அதே இசையை ஒரு வினியோகஸ்தர் வழியாக ஸ்பாட்டிஃபையில் வெளியிட்டான், அது கன்டென்ட் ஐடிக்கும் போய்விட்டது, எங்கள் வீடியோவுக்கு அவன் பெயரிலேயே கிளெய்ம் வந்தது. போன் போட்டேன், சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டான். போன் நம்பர் இல்லாத காலம் ஒன்று வரும், அதற்காகத்தான் கடிதம்.

ஏ.ஐ.யில் இசை உண்டாக்கலாமே என்று ஒருவர் கேட்பார். ஏ.ஐ. இசைச் செயலியான சூனோவில் இலவசத் திட்டத்தில் செய்வது வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் சூனோ மீதும் அதே மாதிரிச் செயலியான யூடியோ மீதும் வழக்குப் போட்டன. வருடத்தின் முக்கியமான வீடியோவை அதன் மேல் கட்ட நான் சொல்ல மாட்டேன்.

வழி 5: உரிமையாளரிடமே கேட்பது

பெரிய இசை நிறுவனத்துக்கு எழுதினால் பதில் வராது, வந்தால் தொகையைப் பார்த்து மயக்கம் வரும். ஆனால் நம் ஊரில் தனியாகப் பாட்டுப் போடும் இளைஞர்களுக்கு இன்ஸ்டாவில் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். சந்தோஷமாக ஒத்துக்கொள்பவர்கள் நிறைய. பாட்டில் அவர்களுக்குக் கூட்டாளி உண்டா, லேபிளுக்கு விற்றுவிட்டார்களா என்று கேட்டுவிட்டு, சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள். பதிலுக்குப் பத்து நாளாவது ஆகும், ஆகவே கல்ச்சுரல்ஸுக்கு முன்பே ஆரம்பித்தால்தான் உண்டு.

| | உரிமை | தளங்கள் | ஸ்பான்சர் வீடியோ | பணமும் நேரமும் | அடுத்த வருட ஆதாரம் |
|---|---|---|---|---|---|
| ஆப்பின் சினிமாப் பாட்டு | தனிநபருக்கு மட்டும் | அந்த ஆப் மட்டும் | வேண்டாம் | இலவசம், 5 நிமிடம் | இல்லை |
| இலவச நூலகம், கிரியேட்டிவ் காமன்ஸ் | எழுத்துகளைப் படித்தால் தெளிவு | உரிமத்தைப் பொறுத்தது | 'என்.சி.' இல்லையென்றால் சரி | இலவசம், தேடவே 3 மணி நேரம் | ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தால் |
| சந்தா | தெளிவு | பதிந்த சேனல்கள் | நிறுவனத் திட்டமானால் சரி | மாதாமாதம் பணம் | கல்லூரிக் கணக்கில் இருந்தால் |
| சொந்த இசை | கடிதம் இருந்தால் முழுசு | எல்லாம் | சரி | டீக்காசு, இரண்டு வாரம் | கடிதம் |
| நேரடி அனுமதி | கேட்டவரைப் பொறுத்தது | எழுதி வாங்கியபடி | தனியாகக் கேட்க வேண்டும் | பத்து நாள் | மின்னஞ்சல் |

யாருக்கு எது

நாளைக்கே ரிலீஸ், கையில் ஒன்றுமில்லை என்றால் இலவச நூலகம். அதோடு கூட்டத்தின் சத்தம், கைதட்டல், மைக்கில் எம்.சி. போட்ட கூச்சல் இவற்றை மேலே தூக்கி வையுங்கள், இசை மெலிந்தது தெரியாது. ஆனால் பின்னணியில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிய ஷாட் என்றால் அந்தச் சத்தத்தை எடுத்துவிடுங்கள், கன்டென்ட் ஐடி அதையும் பிடிக்கும். இரண்டு வாரம் இருக்கிறது என்றால் சொந்த இசை. கல்லூரியே பெயர் போட்டு நடத்தும் அதிகாரப்பூர்வக் கணக்கு, பணமும் இருக்கிறது என்றால் நிறுவனச் சந்தா. டான்ஸ் கிளப் மட்டும் பாவம்: அவர்கள் ஆடுவதே சினிமாப் பாட்டுக்கு. அவர்களுக்கு நான் சொல்வது, முழு ஆட்டத்தையும் கிளப் கணக்கில் ஏற்றாதீர்கள், ஒத்திகையில் எண்ணிக்கை சொல்லி ஆடும் பகுதியை அதே சத்தத்தோடு போடுங்கள். எங்கள் கணக்கில் அதிகம் பேர் பார்த்த ரீலில் பாட்டே கிடையாது, "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துவது மட்டும்தான்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் இப்போது கையெழுத்து வாங்கும் வாசகம் இது. பிரிண்ட் எடுத்த கடிதத்தைக் கிளப் ஃபைலிலும் அதன் போட்டோவைக் கிளப்பின் பொது டிரைவிலும் வைக்கிறோம், யாருடைய சொந்த டிரைவிலும் இல்லை:

"கீழே கையெழுத்திட்டிருக்கும் நான் / நாங்கள் இசையமைத்து வாசித்த இந்த இசையை, கல்லூரியும் அதன் மாணவர் கிளப்புகளும் தங்கள் வீடியோக்களில், எந்தச் சமூக ஊடகத்திலும், உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், ஸ்பான்சர் உள்ள வீடியோக்கள் உட்பட, கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறேன் / அனுமதிக்கிறோம். பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் எங்கள் பெயர் வர வேண்டும். இசையின் உரிமை எங்களிடமே இருக்கும், இதை நாங்கள் வேறு எங்கும் வெளியிடலாம், விற்கலாம். அப்படி வெளியிட்டால் கல்லூரிச் சேனல்களுக்கு கிளெய்ம் வராமல் பார்த்துக்கொள்வோம். இதில் பிறருடைய பாட்டோ, மெட்டோ, பதிவோ இல்லை."